வராத தண்ணீர், மூடிய கடை, ஏறிய வரி: எல்லையோர நகராட்சியில் ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கில், மலை ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரளம் வந்துவிடுகிற ஒரு சிறு நகராட்சியில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டது, அதனால் சொல்லவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிற கடை என்னுடையது. மனு எழுதித் தருவது, வரி கட்டித் தருவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் தினப்படி வேலை. அதனால் நான் இதில் வெறும் வேடிக்கை பார்த்தவன் இல்லை. ஓர் இடத்தில் தப்பான யோசனை சொன்னவனும் நான்தான், அது கீழே வரும்.

பின்னணி

வீடு கீழ்த்தளம் 820 சதுர அடி. தெருவைப் பார்த்த முன்னறையில் 2009-ல் இந்த வீட்டு அம்மாவின் கணவர் சின்னதாக ஏலக்காய்க் கடை வைத்தார். மலையிலிருந்து ஜீப்பில் வருகிற காயை வாங்கிச் சலித்து, ரகம் பிரித்து, போடிக்கு அனுப்புகிற வியாபாரம். எதையும் முறையாகச் செய்கிற மனிதர், நகராட்சியில் தொழில் உரிமம் வாங்கித்தான் நடத்தினார். உரிமம் வந்த கையோடு சொத்து வரிப் பதிவேட்டில் முன்னறை மட்டும் அல்ல, வீடு முழுவதுமே 'வணிகம்' என்று மாறிவிட்டது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2016-ல் கண் பார்வை மங்கி அவர் கடையை மூடினார். மறு வருடமே மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றிக்கொண்டார்கள், ஏனென்றால் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கையைக் கடித்தது. வீட்டு வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவது, தொகையும் சின்னது, பில் கலெக்டர் வந்தால் கொடுத்து ரசீதை டப்பாவில் போட்டுவிடுவார்கள். 2019-ல் அவர் காலமானார். வரி அவர் பெயரிலேயே ஓடியது.

மகன் மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். அங்கேயே 500 சதுர அடியில் ஒரு வீடும் உண்டு. சனிக்கிழமை இறங்குவார், திங்கள் விடிகாலை ஜீப்பில் ஏறிவிடுவார். மகள் போடியில். ஆக, ஊர் வீட்டில் அம்மா மட்டும்.

இன்னொரு பின்னணியும் முக்கியம். 2016 அக்டோபரில் நகராட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. கடை மூடிய காலத்திலிருந்து இந்தக் கதை சூடு பிடிக்கிற வரைக்கும் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். வாய்ச்சொல்லாகச் சொல்கிற குறையை எடுத்துப்போக ஆள் இல்லாத ஐந்தரை வருடம்.

2022: இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன

2021 கடைசியில் தெருவுக்குப் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். பதித்த சில வாரத்தில் தெருவின் கீழ்ப் பாதிக்குத் தண்ணீர் நின்றது. எங்களுக்குத் தண்ணீர் லோயர் கேம்ப் பக்கம் முல்லைப் பெரியாற்றிலிருந்து எடுத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி வருவது. முறை வைத்துத் திறப்பார்கள், கோடையில் முறை தள்ளிப்போவது பழக்கம்தான். ஆகவே முதல் இரண்டு மாதம் தெருக்காரர்கள் கோடை என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் மழை வந்தது, ஆறும் ஓடியது, குழாய் மட்டும் காற்றடித்தது. மினி லாரியில் குடம் 10 ரூபாய்.

அதே நேரம் 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி சீராய்வு வந்தது. நகராட்சிகளில் குடியிருப்பு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம் உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடம் எந்த அளவாக இருந்தாலும் 100 சதவீதம். இதற்கு முன் 2018-ல் உயர்த்தி 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள், அந்த இரண்டு வருட ரசீதுகளில் ஒரு மேடு பள்ளம் இருக்கும், அது வேறு கதை. 2022-ல் மறுபடி கை வைக்க வேண்டி வந்ததற்கு அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானது, மத்திய அரசு அமைத்த 15-வது நிதிக் குழு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து கூட வேண்டும், இல்லாவிட்டால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் கிடைக்காது என்று அது சொல்லியிருந்தது. எங்கள் மாதிரி ஊர் சொந்த வரியை மட்டும் வைத்துத் தெருவிளக்கு பில்லும் தூய்மைப் பணியாளர் சம்பளமும் கொடுத்து எழ முடியாது, மாநில நிதிப் பகிர்வும் அந்த மானியமும் வந்தால்தான் வண்டி ஓடும். இதை நான் நகராட்சிக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை, கவுண்டரில் நின்று 'உங்க இஷ்டத்துக்கு ஏத்துவீங்களா' என்று சண்டை போடுகிறவர்கள் யாரிடம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கிளார்க்கிடம் ஒரு ரூபாயைக்கூட ஏற்றவோ இறக்கவோ அதிகாரம் இல்லை.

அந்த அம்மாவுக்கு அரையாண்டு வரி 1,140-லிருந்து 2,280 ஆனது. பில் கலெக்டரிடம் அவர் சொன்ன வார்த்தை தெருவுக்கே தெரியும்: "தண்ணி வரட்டும்ப்பா, வரியக் கட்டுறேன். காத்துக்கு எதுக்கு வரி?" பில் கலெக்டர் நல்ல மாதிரி, சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். புதிதாக வந்தவருக்கு இந்தப் பேச்சே தெரியாது. எங்கும் எழுத்தில் இல்லை.

நோட்டீஸ்

2024 நவம்பரில் நோட்டீஸ் வந்தது. 2022-23 முதல் ஐந்து அரையாண்டு நிலுவை 11,400. அக்டோபரில் எல்லோருக்கும் 6 சதவீதம் கூடியதால் நடப்பு அரையாண்டு 2,417. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி, அது 1,700 சொச்சம். குடிநீர்க் கட்டணம் மாதம் 100 வீதம் மூன்று வருடத்துக்கு 3,600. குப்பைக் கட்டணம் 360. மொத்தம் 19,500-ஐ ஒட்டி வந்தது. கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கடைசி வரி. நோட்டீஸை என் மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார், "வராத தண்ணியை எப்படிப்பா நிறுத்துவாக?"

நான் அப்போது செய்தது தப்பு. அவருடைய ஆதங்கத்திலேயே நானும் ஏறிக்கொண்டு, தண்ணீர் வரவில்லை, வரி அதிகம், வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மனுவாக முதல்வர் உதவி எண் 1100-ல் பதிவு செய்யச் சொன்னேன். முதல்வரின் முகவரிக்குப் போனால் உடனே அசையும் என்று ஒரு நினைப்பு. மனு சுற்றி இறங்கி நகராட்சி வருவாய்ப் பிரிவுக்கு வந்தது. அவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதினார்கள்: மனுதாரர் பெயரில் வரிவிதிப்பு இல்லை, மேற்படி வரிவிதிப்பு எண்ணுக்கு நிலுவை உள்ளது, செலுத்த அறிவுறுத்தப்பட்டது. மனு முடித்து வைக்கப்பட்டது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது, தண்ணீர் பொறியியல் பிரிவு. மனு அந்த மேசைக்குப் போகவே இல்லை.

இரண்டு வாரம் போனது. ஆனால் அந்தப் பதிலில் இருந்த முதல் வரி உதவியது. பெயரே இல்லாதவர் எப்படி மனு போடுவார்?

பதிவேட்டில் இருந்தது

அதற்குப் பிறகுதான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். வரிவிதிப்பு எண்ணைப் போட்டு இணையத்தில் விவரத்தைத் திறந்தால் பெயர் இறந்தவருடையது, பரப்பு 820, பயன்பாடு வணிகம். டப்பாவில் இருந்த பழைய ரசீதுகளை வரிசையாக அடுக்கினோம். எதிர்வீட்டுக்காரர் ஏறக்குறைய அதே அளவு வீட்டுக்கு 2022-க்குப் பிறகு 860 கட்டிக்கொண்டிருந்தார்.

சொத்து வரி என்பது ஒரே வரி மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல சேர்மானம் உண்டு. தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, அந்த மண்டலத்துக்குச் சதுர அடிக்கு என்ன அடிப்படை மதிப்பு, கட்டடம் ஓடா காங்கிரீட்டா தகரமா, எத்தனை வருடப் பழசு, குடியிருப்பா கடையா, இதையெல்லாம் வைத்து ஆண்டு மதிப்பு போட்டு, அதில் ஒரு பங்கு வரி. அதோடு நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா. ஊர்க்காரர்கள் சண்டை போடுவது எப்போதும் விகிதத்தோடு. அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது பரப்பும் பயன்பாடும்தான், அவற்றை யாரும் பார்ப்பது இல்லை. இந்த வீட்டில் தவறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. 'குடியிருப்பு' என்று இருந்திருந்தால் பழைய வரி 570, சீராய்வுக்குப் பிறகு 855.

மகன் கொண்டுவந்த கேரளக் கணக்கு

சனிக்கிழமை மகன் வந்தார், கோபமாக வந்தார். "அண்ணே, எங்க தோட்டத்து வீட்டுக்கு வரியே கிடையாது. பச்சைக் கோட்டு போட்ட அக்காமார் வந்து பிளாஸ்டிக் எடுக்குறாங்க, 50 ரூவா வாங்கிட்டு ரசீது குடுக்குறாங்க. இங்க மட்டும் என்ன கொள்ளை?"

எல்லைப்புறத்தில் இந்தப் பேச்சு வாரம் ஒரு தடவையாவது கேட்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது பொய் இல்லை. கேரளத்தில் 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு 2023 ஏப்ரல் முதல் உள்ளாட்சியின் கட்டட வரி விலக்கு உண்டு. அவர் வீடு 500 சதுர அடி, அதாவது சுமார் 46 சதுர மீட்டர். ஆனால் அங்கே நிலத்துக்குத் தனியாக வில்லேஜ் ஆபீஸில் வருடா வருடம் கரம், அதாவது நில வரி கட்டுகிறார், அதை அவர் வரிக் கணக்கில் சேர்க்கவில்லை. வீடு 100 சதுர மீட்டரைத் தாண்டினால் வருவாய்த் துறைக்கு ஒரு முறை கட்டட வரி, 1975-ம் வருடச் சட்டப்படி. வீடு ரொம்பப் பெரிதானால் வருடா வருடம் இன்னொரு வரி. அங்கும் 2022-ல் இங்கே வந்த மாதிரி ஏற்றம் உண்டு, ஒரே அடியாக இல்லாமல் 2023-லிருந்து வருடம் 5 சதவீதமாக ஏறுகிறது. அந்தப் பச்சைக் கோட்டு அக்காமார் ஹரித கர்ம சேனை. அவர்களுக்கு 50 ரூபாய் கொடுக்காமல் விட்டால் அதையும் கட்டட வரியோடு சேர்த்து வசூலிக்கச் சட்டத்தில் இப்போது இடம் இருக்கிறது. முக்கியமாக, தோட்டத்து வீட்டில் தண்ணீர் அவருடைய சொந்தக் கிணறு.

ஆக ஒப்பிட்டுப் பயனில்லை. ஒன்று மட்டும் அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது: ரசீது. அங்கே குப்பைக்கு 50 ரூபாய் வாங்கினாலும் கையில் காகிதம் வருகிறது. இங்கே அம்மாவிடம் தண்ணீர் வரவில்லை என்பதற்கு மூன்று வருடத்தில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

என்ன செய்வது என்ற பேச்சு

மூன்று வழி இருந்தது. கட்டாமல் இன்னும் கொஞ்ச நாள் இழுப்பது, மகனுக்கு அதுதான் ஆசை. முழுவதையும் கட்டிவிட்டு மனு போடுவது, அம்மாவின் கையில் அவ்வளவு பணம் இல்லை. தவணையாகக் கட்டிக்கொண்டே பயன்பாட்டை மாற்றச் சீராய்வு மனு போடுவது. மூன்றாவதை எடுத்தோம். காரணம் இரண்டு. மேல்முறையீட்டுக் குழு வரை போக வேண்டி வந்தால் கேட்புத் தொகையைக் கட்டியிருக்க வேண்டும் என்று வருவாய் ஆய்வாளர் சொன்னார். அடுத்தது, நிலுவை வைத்திருப்பவர் என்ற பெயரோடு எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். 1100 மனுவில் பார்த்தோம்.

வருவாய் ஆய்வாளர் அந்த அம்மாவிடம் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கடுமையாகப் பேசவில்லை. "அம்மா, உங்க குழாய்ல தண்ணி வருதா இல்லையான்னு எங்க புஸ்தகத்துல எழுத இடமே இல்ல. நீங்க மூணு வருஷம் கட்டலைன்னு மட்டும்தான் இதுல தெரியும்." அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தது, தான் கட்டாமல் இருப்பதே ஒரு புகார், யாராவது ஒருநாள் 'ஏன் கட்டவில்லை' என்று கேட்பார்கள், அப்போது சொல்லலாம் என்று. யாரும் கேட்கவில்லை. வட்டிதான் ஏறியது.

பெயர் மாற்றத்துக்கு வாரிசு சான்றிதழ் வேண்டும். டிசம்பரில் விண்ணப்பித்து மூன்று வாரத்தில் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தது. அம்மா, மகன், மகள் மூன்று பேர் பெயர். வரிப் பெயர் அம்மாவுக்கு மட்டும் போடலாம் என்றபோது மகள் வீட்டில் ஒரு சலசலப்பு, வரி ரசீதில் பெயர் போனால் வீடே போய்விடும் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, பட்டாவும் பத்திரமும் வேறு, வரியில் பெயர் இருப்பது 'இவரிடம் கேட்டு வாங்கு' என்பதற்கான அடையாளம்தான் என்று போனில் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. அப்புறம் மகள் சம்மதக் கடிதம் கொடுத்தார்.

மாடி அறை

இங்கேதான் சிக்கல். 2015-ல் மாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை எழுப்பியிருந்தார்கள், 240 சதுர அடி. அது பதிவேட்டில் இல்லை. பயன்பாட்டை மாற்றக் கேட்டால் நேரில் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் மாடி தெரியும்.

மகன் சொன்னார், மாடிப்படிக்குக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம், விறகு அடைத்திருக்கிறோம் என்று சொல்லலாம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாடியைச் சேர்த்தாலும் 1,060 சதுர அடிதான், 1,200-ஐத் தாண்டவில்லை, ஆகவே 50 சதவீதப் படியிலேயே நிற்கும். கூடுதல் அரையாண்டுக்கு 250 ரூபாய்க்குள் வரும். அதை ஒளிக்கப் போய், வணிகம் என்ற சொல்லை எடுக்கிற வேலையே நின்றுபோனால் நட்டம் 1,500. மொத்தம் 1,200 சதுர அடிக்கு மேல் வந்திருந்தால் இதே யோசனையை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான். அம்மா முடிவு செய்தார்: "தெருவுக்கே தெரியிற மாடிய யாருக்கு ஒளிக்கிறது? எழுதிரு." மனுவிலேயே எழுதினோம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை

இந்த முறை மூன்று மனு, மூன்று தாள். பெயர் மாற்றம் ஒன்று. பயன்பாட்டைக் குடியிருப்பாக மாற்றவும் மாடி அறையைச் சேர்க்கவும் ஒன்று. அதோடு மின் அட்டையில் 1ஏ வீட்டு இணைப்பு என்று 2017 முதல் இருப்பதன் நகலும், உரிமம் 2016-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்பதும். மூன்றாவது குடிநீர், அது பொறியியல் பிரிவுக்கு. ஒவ்வொன்றுக்கும் தபால் பிரிவில் முத்திரை வைத்து எண் வாங்கினோம்.

குடிநீர் மனுவை அந்த அம்மா பெயரில் போடவில்லை. நிலுவை உள்ளவர் பெயரில் போட்டால் மறுபடி அதே பதில் வரும் என்ற பயம். தெருவில் தண்ணீர் வராமலேயே மூன்று வருடமாகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த 14 வீடுகள் இருந்தன, அவர்கள் கையெழுத்துப் போட்டு ரசீது நகல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டாமல் போராடிய அம்மாவுக்குக் கடைசியில் கட்டியவர்களின் ரசீதுதான் ஆயுதமானது. இதைச் சொன்னால் அவர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நான்கு பேர் போய் அதே மனுவை, நகராட்சி முத்திரை எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுத்தார்கள். கவுன்சிலரும் கூட வந்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரக் கடைசியில் உதவிப் பொறியாளரும் பிட்டரும் தெருவுக்கு வந்தார்கள்.

தண்ணீர் ஏன் நின்றது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. குழாய் அடைப்பு என்று ஒருவர், மோட்டார் அழுத்தம் போதவில்லை என்று இன்னொருவர். ஓய்வு பெற்ற பழைய பிட்டர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார், அவரை யாரோ கூட்டி வந்தார்கள். அவர் வந்து தெருமுனைக் கோயில் சுவரிலிருந்து காலால் அளந்து, "இங்க ஒரு வால்வு இருந்துச்சே" என்றார். பேவர் கல்லைப் பெயர்த்தார்கள். ஒன்றரை அடிக்குக் கீழே எம்சாண்டு மூடி, வால்வுத் தொட்டி முழுசாக இருந்தது. கல் பதித்தவர்கள் தொட்டியை மேலே உயர்த்திக் கட்டாமல் அப்படியே மூடிவிட்டார்கள். அப்போது வால்வு மூடிய நிலையில் இருந்திருக்கிறது. மேல் பாதிக்கு வேறு வால்வு, அதனால் அங்கே தண்ணீர் வந்தது. மூன்று வருடமாக முறை வைத்துத் தண்ணீர் திறந்தவருக்கு இந்த வால்வு இருப்பதே தெரியாது, அவர் புதியவர்.

பிப்ரவரி முதல் வாரத்தில் தொட்டியை உயர்த்திக் கட்டி மூடி போட்டார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். வேகம் சுமார்தான்.

வரிப் பக்கம் ஜனவரி கடைசியில் அளக்க வந்தார்கள். டேப் பிடித்து, மாடி ஏறி, முன்னறையில் இப்போது அம்மாவின் கட்டிலும் டிவியும் இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மார்ச்சில் ஆணை வந்தது. பெயர் மாற்றம் ஆனது. பயன்பாடு குடியிருப்பு, 2024-25 இரண்டாம் அரையாண்டு முதல். மாடி அறை 2025-26 முதல் சேரும்.

முந்தைய ஐந்து அரையாண்டுகளைக் குறைக்க முடியாது என்றார்கள். உரிமையாளர் தெரிவித்த அரையாண்டிலிருந்துதான் மாற்றம். கடை 2016-லேயே மூடியதற்கு மின் அட்டை சாட்சி இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தோம், ஆணையர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் அசையவில்லை. குடிநீர்க் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யவில்லை. இணைப்பு உயிரோடு இருந்தது, தற்காலிகமாகத் துண்டிக்க எழுதிக் கொடுத்திருந்தால் கட்டணம் நின்றிருக்கும் என்பது அவர்கள் பதில். இது சரியா என்று கேட்டால் எனக்கு உடன்பாடு இல்லை, தன் வால்வைத் தானே புதைத்துவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்குவதை என்னவென்று சொல்வது. மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாமா என்று யோசித்தோம். அம்மா போதும் என்றுவிட்டார்.

கணக்கு

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று தவணையில் நிலுவையையும் கட்டணங்களையும் கட்டினார்கள், மாறிய நடப்பு அரையாண்டு 906 ரூபாயையும் சேர்த்து 18,000 சொச்சம். இதில் தேவையில்லாமல் போனது எவ்வளவு என்று மகன் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 2022 முதல் ஐந்து அரையாண்டுக்கு, 2,280-க்கும் 855-க்கும் உள்ள வித்தியாசம் 7,125. அதற்கு முன் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை 11 அரையாண்டுக்கு 570 வீதம் 6,270, அதை அப்பாவும் அம்மாவும் தெரியாமலேயே கட்டியிருக்கிறார்கள். வட்டி தனி. குடத்துக் கணக்கை அவர் போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் முதல் மாடியையும் சேர்த்து அரையாண்டு வரி 1,120. பழையபடி இருந்திருந்தால் 2,417.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

முதல் நாளே வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பயன்பாட்டையும் பரப்பையும் பார்ப்பேன், நோட்டீஸில் உள்ள மொத்தத் தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால். எதிர்வீட்டு ரசீதை வாங்கி ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. இப்போது என் கடைக்கு வருகிற யாராக இருந்தாலும், கேட்காவிட்டாலும், திரையில் அந்த வரியைச் சுட்டிக் காட்டிவிடுகிறேன். இந்த நான்கைந்து மாதத்தில் இதே மாதிரி இரண்டு வீடு தெரியவந்தது, ஒன்று மூடிய தையற்கடை, இன்னொன்று டியூஷன் எடுத்த வீடு.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுத மாட்டேன். எந்த மேசை எதைப் பார்க்கிறதோ அந்த மேசைக்கு அது மட்டும். பில் கலெக்டரிடம் வாயால் சொன்னதைச் சொன்னதாகவே எண்ணக்கூடாது, அவர் நல்லவராக இருந்தாலும் மாற்றல் வரும். தண்ணீர் ஒரு மாதம் வரவில்லை என்றால் எழுதிக் கொடுத்து எண் வாங்குவது, மூன்று மாதம் என்றால் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தக் கேட்பது. அப்படிக் கேட்டால் பொறியியல் பிரிவு ஏன் என்று பார்க்க வந்தாக வேண்டும், அதுவே பாதிப் பலன்.

நகராட்சிப் பக்கம் மாற வேண்டியதும் உண்டு. தொழில் உரிமம் காலாவதியாகி இரண்டு மூன்று வருடம் ஆனால் அந்த வீட்டின் பயன்பாட்டை மறுபடி பார்க்க ஒரு வழக்கம் வேண்டும், உரிமம் கொடுத்தபோது தானாக மாறிய சொல் உரிமம் போனபோது ஏன் தானாக மாறவில்லை என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தெருவுக்குக் கல் பதிக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பணம் கொடுக்கும் முன் பிட்டர் வந்து வால்வுகளை எண்ண வேண்டும். இதைத் தெருக்காரர்கள் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள், எண் வாங்கியாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அவர்களே வால்வு மூடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, கோயில் சுவரிலும் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் இரண்டாவது வாரமே அந்த அம்மா வரி கட்ட என் கடைக்கு வந்தார். அரையாண்டு தொடங்கி 30 நாளைக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 வரை. அவருக்கு 56 ரூபாய் குறைந்தது. ரசீதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு கொடத்துக் காசு" என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.